சாவிப் பிடிக்கு ஓர் அளவுகோல்

டி.வி. ரிமோட்டின் பொத்தானை அழுத்த 1.4 நியூட்டன் பிடிவிசை இருந்தால் போதும். சுவரிலுள்ள மின்துளையில் பிளக்கைச் செருக 31.4 நியூட்டன் வேண்டும். வீட்டு வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் எவ்வளவு அழுத்தினால் எந்த வேலை நடக்கும் என்று 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இப்படிக் கணக்கிட்டுக் காட்டியது. சாவியைப் பிடிப்பது போன்ற பிடி என்பதால் மருத்துவர்கள் இதைச் சாவிப் பிடி என்பார்கள். ஐந்தாண்டு கழித்து இன்னொரு கட்டுரை வந்தது. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் நான்கும் செயலிழந்தவர்களுக்கு, அதாவது டெட்ராப்ளீஜியா உள்ளவர்களுக்கு, செய்யப்பட்ட 377 பிடி மீட்பு அறுவைகளை அது தொகுத்துப் பார்த்தது. கிடைத்த சராசரிப் பிடிவிசை 2 கிலோ, சுமார் 20 நியூட்டன். இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால், ரிமோட் கைக்கு வந்துவிட்டது, பிளக் வரவில்லை என்று தெளிவாகவே சொல்ல முடிகிறது. இவ்வளவு எளிய ஒரு வாக்கியத்தைச் சொல்ல 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதுதான் வியப்பு. இந்த அறுவைகள் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டன. செய்தவர்கள் பலன் உண்டு என்றார்கள். தண்டுவட மருத்துவர்களில் பலர் நம்பவில்லை. தகுதியுள்ள நோயாளிகளில் மிகச் சிலருக்கே அறுவை கிடைத்தது. இதற்குக் கத்தியின் குறையைவிட அளவுகோலின் குறையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பலன் இல்லாமல் போகவில்லை. அது விழுந்த இடங்களில் அளவுகோலில் கோடுகள் இல்லை.

அறுவையின் வரலாற்றுக்கு முன்னால் உயிர்பிழைத்தலின் வரலாறு ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில வாரங்களில் இறந்தார்கள். பிழைக்காதவர் கையை யாரும் அளப்பதில்லை. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர்ப் பையைக் கவனிப்பது, உடற்பயிற்சி, விளையாட்டு என்ற ஒழுங்கில் மக்கள் பல்லாண்டுகள் வாழத் தொடங்கினார்கள். உயிர் நிலைத்ததும் கை பற்றிய கேள்வி எழுந்தது. கழுத்தில் ஆறாம் நரம்பு மட்டம்வரை தப்பியவருக்குத் தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு மேலே தூக்கும். முழங்கையை நீட்டும் தசை செத்திருக்கும், விரல்களில் தானாக அசைவு இருக்காது. ஆனாலும் மணிக்கட்டைத் தூக்கும்போது தளர்ந்த விரல்கள் தசைநாண்களின் இழுப்பால் தாமாக மடங்கும், தாழ்த்தும்போது விரியும். இந்த வலுவற்ற தானியங்கிப் பிடியையும், உள்ளங்கையில் கரண்டியைச் செருகும் தோல் பட்டையையும் வைத்துக்கொண்டு பலர் சாப்பிட்டார்கள், எழுதினார்கள். ஸ்டோக் மாண்டவில் மரபு கத்தியைவிடப் பயிற்சியையே நம்பியது. அந்த நம்பிக்கையில் நியாயமும் இருந்தது. ஏற்கனவே இவ்வளவு இழந்தவர் கையில் மிச்சமிருக்கும் ஓரிரு நல்ல தசைகளை இடம் மாற்றி, அது தவறிப்போனால் என்ன ஆகும் என்ற அச்சம் சாதாரணமானதல்ல.

தசைநாணை ஓரிடத்திலிருந்து அவிழ்த்து வேறிடத்தில் தைக்கும் கலையோ இதற்கெல்லாம் முந்தையது. போலியோ அதை வளர்த்தது. சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டெர்லிங் பன்னல் 1944இல் எழுதிய கை அறுவை நூல் அந்தத் தலைமுறைக்கு வேதம். வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் 1948 முதல் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். அறுவைக்கு முன்னும் பின்னும் விரல் மூட்டுகளின் கோணங்களை அளந்து பதிவது அங்கு அன்றாட வேலையானது. 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்தத் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையை வேலூரில் நிறுவினார். தண்டுவடக் காயமும் கை அறுவையும் ஒரே மருத்துவரின் வாழ்க்கையில் இப்படிச் சந்தித்தது அபூர்வம். ஆனால் தொழுநோய்க் கைக்கும் டெட்ராப்ளீஜியக் கைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தொழுநோயில் முன்கையின் பெரிய தசைகளில் பெரும்பாலானவை தப்பியிருக்கும். மடங்கிய விரல் நிமிர்ந்ததா என்பதைக் கோணமானியே சொல்லிவிடும். டெட்ராப்ளீஜியாவில் இரவல் வாங்கவே இரண்டு மூன்று தசைகள்தான் இருக்கும். வெற்றி என்பதன் பொருளே அங்கு வேறு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையிலிருந்து லிப்ஸ்கோம்பும் கூட்டாளிகளும் 1958இல் கழுத்துக் காயக் கைகளுக்கான தசைநாண் மாற்றுகளைப் பற்றி எழுதினார்கள். புவெனஸ் ஐரிஸின் எடுவார்தோ சான்கோலி 1975இல் 97 கைகளின் அனுபவத்தைப் பதிப்பித்தார். நுட்பம் முன்னேறிக்கொண்டிருந்தது, ஆனால் பலனைச் சொல்லும் மொழி 'நன்று', 'சுமார்', 'மோசம்' என்ற மூன்று சொற்களைத் தாண்டவில்லை. அந்தச் சொற்களைத் தீர்மானித்தவரும் அறுவை செய்தவரே.

கையில் இருந்த ஒரே பொது அளவுகோல் போர்க்காலத்தில் பிறந்தது. 1943இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், குண்டடிபட்ட வீரர்களின் நரம்புக் காயங்களைப் பதிவுசெய்ய, தசை வலுவுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுக்கும் முறையை வெளியிட்டது. துடிப்பே இல்லையென்றால் 0, புவியீர்ப்பை எதிர்த்து அசைந்தால் 3, பரிசோதிப்பவரின் கை கொடுக்கும் எதிர்ப்பையும் தாண்டினால் 4, முழு வலு 5. கருவி வேண்டாம், படுக்கையருகே இரண்டு நிமிடத்தில் முடியும் என்பதால் இன்றுவரை நிலைத்திருக்கிறது. குறை என்னவென்றால் 4 என்ற படி மிக அகலமானது. ஒரு விரலால் அழுத்தினாலே தோற்றுப்போகும் தசையும் கிட்டத்தட்ட முழு வலு உள்ள தசையும் ஒரே எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும். இடம் மாற்றிய தசை ஒரு படி வலு இழக்கும் என்பது அறுவையாளர்களின் பழைய விதி. எனவே 4 உள்ள தசையைத்தான் எடுக்கலாம் என்றார்கள். ஆனால் எந்த 4? இந்த அறுவைகளுக்கென்று எடின்பரோவில் டக்ளஸ் லாம்ப் 1978இல் கூட்டிய முதல் சர்வதேச மாநாட்டிலும், பிரான்சின் ஜியானில் (Giens) 1984இல் நடந்த இரண்டாவது மாநாட்டிலும் உருவாகி முடிந்த சர்வதேச வகைப்பாடு இந்த 4ஐயே அடித்தளமாகக் கொண்டது. முழங்கைக்குக் கீழே 4 அல்லது அதற்கு மேல் வலுவுள்ள தசைகள் எத்தனை என்று எண்ணி, 0 முதல் 9 வரை குழு எண் தருவது அதன் முறை. எந்த முள்ளெலும்பு உடைந்தது என்று கேட்பதை விட்டு, கையில் எது மிச்சம் என்று கேட்கத் தொடங்கியது பெரிய முன்னேற்றம். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஒருவர் 'இரண்டாம் குழு' என்றால் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருப்பவருக்குப் புரிந்தது. ஆனால் இந்த வகைப்பாடு அறுவைக்கு முன் கை எங்கே நிற்கிறது என்று மட்டுமே சொல்லும். பின்னால் அது என்ன செய்கிறது என்பதற்கு அதில் இடமில்லை.

இந்தக் கதையின் நடுநாயகம் கோத்தன்பர்க்கின் எரிக் மோபர்க். எலும்பியல் பேராசிரியராக நீண்ட காலம் பணியாற்றியவர், தம் எழுபதாம் வயதில் 1975இல், டெட்ராப்ளீஜியக் கைக்கான தம் முறைகளைப் பதிப்பித்தார். தோளின் பின்பகுதித் தசையை நீட்டி முழங்கையை நிமிர்த்தும் தசையோடு இணைப்பது ஒன்று. கட்டைவிரலை மடக்கும் தசைநாணை முன்கை எலும்பில் கட்டி, மணிக்கட்டைத் தூக்கும்போதெல்லாம் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கத்தில் அழுந்துமாறு செய்வது மற்றொன்று. ஐந்து விரலுக்கும் அசைவு தர முயன்ற முன்னோர்களைப் போலன்றி, ஒரே ஒரு எளிய பிடி போதும் என்றார். தேவைப்பட்டால் திருப்பி எடுக்கக்கூடிய அறுவையாகவும் அது இருக்க வேண்டும் என்றார். இதைவிட அவருடைய முக்கியமான பங்களிப்பு அளவு சார்ந்தது என்பேன். 1958இலேயே அவர் தொட்டறியும் திறனை அளப்பதைப் பற்றி எழுதியிருந்தார். மேசையில் பரப்பிய சிறு பொருட்களைப் பொறுக்கிப் பெட்டியில் போடச் சொல்வார், முதலில் கண் திறந்து, பிறகு கண்ணைக் கட்டி. கண்ணைக் கட்டியதும் தடுமாறும் கை உணர்வற்ற கை. வளைத்த காகிதக் கிளிப்பின் இரு முனைகளையும் கட்டைவிரல் நுனியில் வைத்து, இரண்டும் தனித்தனியாகத் தெரிய எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று பார்ப்பார். பத்து மில்லிமீட்டருக்குள் என்றால் அந்தக் கை தொட்டே பிடிக்கும். அதற்கு மேலே போனால் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பிடிக்க முடியும். கண் ஒரு நேரத்தில் ஒரு கையைத்தான் காவல் காக்கும் என்பதால், அப்படிப்பட்டவருக்கு ஒரு கையில் மட்டும் பிடி அமைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. இந்தக் கடைசி முடிவைப் பின்வந்தவர்கள் தளர்த்திக்கொண்டார்கள். ஆனால் சர்வதேச வகைப்பாட்டில் குழு எண்ணுக்கு முன்னால், கண்ணை நம்பும் கையா தோலை நம்பும் கையா என்று குறிக்கும் எழுத்து இன்றும் நிற்கிறது. மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு கிளிப், தசை வலுவை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த துறையைத் திருப்பிவிட்டது.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். அறுவையில் நம்பிக்கையற்ற மறுவாழ்வு மருத்துவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: அறுவைக்குப் பிறகு நோயாளியால் புதிதாக என்ன செய்ய முடிகிறது? அதற்கு அவர்கள் தங்கள் வழக்கமான அளவுகோலை எடுத்தார்கள். 1965இல் வந்த பார்தல் அட்டவணையில் பத்து இனங்கள், மொத்தம் 100 மதிப்பெண். சாப்பிடுவதற்கு 0, 5, 10 என்ற மூன்றே படிகள். 1980களில் அமெரிக்காவில் பரவிய செயல் சார்பின்மை அளவீட்டில் 18 இனங்கள், ஒவ்வொன்றுக்கும் 7 படிகள், மொத்தம் 126. கரண்டிப் பட்டையைத் தானே மாட்டிக்கொண்டு சாப்பிடுபவருக்கு அதில் 6 கிடைக்கும். வேறொருவர் மாட்டிவிட்டால் 5. அறுவைக்குப் பிறகு பட்டையே இல்லாமல் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டால் 7. ஹோட்டலில் நாலு பேர் முன்னால் யாரும் பட்டை கட்டிவிடாமல் தானே கரண்டியை எடுப்பது இந்த அட்டவணையில் 126இல் ஒன்றோ இரண்டோ புள்ளி. எழுதுவது, பூட்டைத் திறப்பது, பணப்பையிலிருந்து நோட்டை எடுப்பது, தொலைபேசியைக் காதில் வைப்பது, எதுவுமே அந்த 18 இனங்களில் இல்லை. படியேறுதலும் நடையும் இருக்கின்றன, கை அறுவையால் அவற்றில் ஒரு புள்ளியும் நகராது. பக்கவாதம் முதல் இடுப்பு எலும்பு முறிவுவரை எல்லோருக்குமாகச் செய்த அட்டவணை அது. ஒருவரைக் கவனித்துக்கொள்ள எவ்வளவு ஆள்பலம் வேண்டும் என்று சொல்வதற்காகவே உருவானது, அந்த வேலையை நன்றாகவும் செய்கிறது. தவறு அட்டவணையில் இல்லை. அதில் எண் நகரவில்லை என்பதையே அறுவையால் பயனில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டதுதான் தவறு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. எண் நகராததற்குக் காரணம் அளவுகோல் என்று சொல்வது எந்தச் சிகிச்சைக்கும் எளிய தப்பிப்பு வழி. பலனே இல்லாத எதையும் இப்படிக் காப்பாற்றிவிடலாம். உண்மை. அதனால்தான், கைக்கென்றே செய்த அளவுகோல்கள் வந்தபிறகு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். 1969இல் ஜெப்சனும் கூட்டாளிகளும் வெளியிட்ட கைத்திறன் சோதனையில் ஏழு வேலைகள்: ஒரு வாக்கியம் எழுதுவது, அட்டைகளைப் புரட்டுவது, காசும் கிளிப்பும் பாட்டில் மூடியும் பொறுக்குவது, கரண்டியால் அவரை விதைகளை அள்ளுவது, செக்கர்ஸ் காய்களை அடுக்குவது, காலி டின்களையும் கனமான டின்களையும் நகர்த்துவது. எத்தனை விநாடி ஆகிறது என்பதே மதிப்பெண். வேகம் குறைந்த கைக்கு இது பொருத்தமான கருவி. டெட்ராப்ளீஜியக் கையோ வேலையை மெதுவாகச் செய்வதில்லை, பல வேலைகளைச் செய்யவே இயலாமல் நின்றுவிடுகிறது. முடிக்காத வேலைக்கு எத்தனை விநாடி என்று எழுதுவது? மேல்வரம்பு ஒன்றைப் போட்டு நிரப்பினால் சராசரி எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போகிறது. மோபர்க்கின் ஊரிலேயே கிறிஸ்டர் சோலர்மன் உருவாக்கிய சோதனை இன்னும் நுட்பமானது. யேல் பூட்டில் சாவியைத் திருப்புவது, ஜிப்பை இழுப்பது, ஜாடி மூடியைத் திருகுவது, பொத்தான் போடுவது, காகிதத்தை மடித்து உறையிலிடுவது, தொலைபேசி ரிசீவரை எடுப்பது, குடுவையிலிருந்து நீர் ஊற்றுவது என 20 வேலைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, ஆக 80. வேகத்தோடு எந்தப் பிடியால் செய்தார் என்பதும் மதிப்பெண்ணில் சேரும். 1995இல் சோலர்மனும் அர்விட் இஜெஸ்காரும் இதை டெட்ராப்ளீஜியா உள்ளவர்களிடம் சோதித்துப் பதிப்பித்தார்கள். வகைப்பாட்டுக் குழு எண் உயர உயர மதிப்பெண்ணும் உயர்வது தெரிந்தது. கருவி வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

ஆனால் சோலர்மன் சோதனையின் உச்சி, ஆரோக்கியமான கை. எட்டு வகைப் பிடிகளில் எந்த வேலைக்கு எது இயல்பானது என்று அது முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறது. மோபர்க் அறுவை தருவதோ ஒரே பிடி. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, உள்ளங்கையையும் பல்லையும் மற்றக் கையின் மணிக்கட்டையும் துணைக்கழைத்து, ஒருவர் ஜாடியைத் திறந்தாலும் 'இயல்பான பிடி அல்ல' என்று மதிப்பெண் பாதியில் நின்றுவிடும். இது அநியாயம் என்று சொல்லமாட்டேன். பிடியின் தரத்தை அளக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் இழந்த கையைத் திரும்பப் பெறும் வாய்ப்பே இல்லாத ஒருவரை, இழந்த கையின் முன்னிலையில் நிறுத்தி எத்தனை சதவீதம் என்று கேட்கும்போது, விடை எப்போதும் சிறிதாகவே இருக்கும். சிறிய விடையைக் கண்டு அறுவையை நாடாமல் போனவர்களும் அதற்குப் பரிந்துரைக்காமல் விட்டவர்களும் நிறைய.

கிளீவ்லாந்தில் சிக்கல் வேறு வழியில் வந்தது. அங்கு ஹன்டர் பெக்கமின் குழு, உறங்கும் தசைகளில் மின்முனைகளைப் பதித்து, எதிர்த்தோளின் அசைவால் கையைத் திறந்து மூடவைக்கும் கருவியை உருவாக்கியது. 1986இல் முதல் நோயாளியின் உடலில் பொருத்தப்பட்டது, ஃப்ரீஹேண்ட் என்ற பெயரில் 1997இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. புதிய கருவிக்கு அனுமதி வேண்டுமென்றால் 'நன்று, சுமார்' போதாது, எண் வேண்டும். 1994இல் அவர்கள் வெளியிட்ட பிடித்து விடும் சோதனை, இந்தத் துறைக்கென்றே செய்த முதல் நேர்மையான அளவுகோல் என்று சொல்லலாம். சிறு முளை, கனமான எடை, குத்தும் விசையை உணரும் முள்கரண்டி, மரக்கட்டை, டின், வீடியோ கேசட் ஆகிய ஆறு பொருட்கள்; முதல் மூன்றும் பக்கப் பிடிக்கு, மற்றவை உள்ளங்கைப் பிடிக்கு. 30 விநாடியில் எத்தனை முறை எடுத்து வைக்கிறார், எத்தனை முறை நழுவவிடுகிறார் என்று எண்ண வேண்டியதுதான். செய்ய இயலாத பொருளுக்கு 0, அவ்வளவுதான். மேல்வரம்பு விநாடிகள் என்ற குழப்பம் இல்லை. எந்தப் பிடியால் எடுத்தார் என்ற தீர்ப்பும் இல்லை. கருவியை இயக்கி ஒரு முறை, அணைத்து ஒரு முறை என்று அதே கையை அதே கையோடு ஒப்பிட்டார்கள். அளவுகோலின் உச்சி ஆரோக்கியமானவரின் கையிலிருந்து இறங்கி, அந்த நபரின் நேற்றைய கைக்கு வந்தது. எண்களும் நகர்ந்தன, சந்தேகத்துக்கு இடமின்றி. இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்திய பிறகு தயாரிப்பு நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் வியாபாரத்திலிருந்து விலகிக்கொண்டது. கருவி போயிற்று, அதை நிரூபிக்கச் செய்த சோதனை மட்டும் தசைநாண் அறுவையாளர்களின் கைக்கு வந்து நிலைத்துவிட்டது. இன்று வீடியோ கேசட்டைத் தேடிப் பிடித்து வைத்திருக்க வேண்டியிருப்பது ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் தலைவலி.

முழங்கைக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. பிடியைச் சோதிக்க மேசையும் பொருட்களும் போதும். முழங்கை நீட்டும் வலு எதற்கெல்லாம் உதவுகிறது என்பது மேசையில் தெரிவதில்லை. மல்லாந்து படுத்திருப்பவர் கையைத் தூக்கினால் முகத்தின்மேல் விழாமல் நிற்பது, தலைக்குமேல் உள்ள சுவிட்சை எட்டுவது, சரிவில் சக்கர நாற்காலியை அடக்குவது, படுக்கையில் புரள்வது, ஊன்றி எழும்பிப் பிட்டத்துக்குச் சற்று ஓய்வு கொடுப்பது எல்லாம் அதன் வேலை. முன் சொன்ன 2009ஆம் ஆண்டுத் தொகுப்பில், நீட்டும் வலு 0இலிருந்து சராசரியாக 3.3 ஆனது. ஐந்துக்கு மூன்று என்று வாசிப்பவர்க்கு அது பாதி வெற்றி. ஆனால் 3 என்பது புவியீர்ப்பை வெல்லும் எல்லை. அதற்கு இந்தப் பக்கம் தலைக்குமேல் கை போகாது, அந்தப் பக்கம் போகும். எண்களின் இடைவெளி சமமாக இல்லாத அளவுகோலில் சராசரி எடுப்பது பெரிய ஏமாற்று. ஸ்வீடன்காரர்கள் இங்கும் எக்ஸ்-ரேயில் தெரியும் உலோகத் தையல்களைத் தசைநாணில் வைத்து, தைத்த இடம் நாளடைவில் எவ்வளவு நெகிழ்ந்து நீள்கிறது என்று அளந்தார்கள். சக்கர நாற்காலியில் கைக்குத் தனித் தாங்கி வைத்தால் நெகிழ்ச்சி குறைவது தெரிந்தது. இது நோயாளியின் வாழ்வை அளக்கும் அளவல்ல, தையலை அளக்கும் அளவு. இருந்தும் அடுத்த நோயாளிகளின் பராமரிப்பையே அது மாற்றியது.

விசையும் விநாடியும் எண்ணிக்கையும் இப்படி ஒருபுறம் வளர, மறுபுறம் கேட்டு அறியும் வழியும் இருந்தது. லாம்பும் சானும் 1983இல் 41 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, அன்றாட வேலைகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொன்றும் அறுவைக்குப் பின் மேலா, அதேயா, மோசமா என்று அவர்களையே கேட்டார்கள். அந்தக் கேள்வித்தாளை நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் குழு எடுத்துக்கொண்டு, அதே நோயாளிகளைப் பத்தாண்டு இடைவெளியில் மறுபடியும் அளந்தது, பொறுமையான வேலை. 1990களின் தொடக்கத்தில் வந்த கனடிய முறை இன்னும் ஒருபடி போனது. வேலைப் பட்டியலே கிடையாது. எது உங்களுக்கு முக்கியம் என்று நோயாளி ஐந்துவரை சொல்வார். ஒவ்வொன்றையும் இப்போது எப்படிச் செய்கிறார், அதில் எவ்வளவு நிறைவு என்று 1 முதல் 10 வரை அவரே மதிப்பிடுவார். அறுவைக்குப் பிறகு மறுபடியும். யோஹானா வாங்டெல்லும் யான் ஃப்ரிடனும் 2010இல் கோத்தன்பர்க்கிலிருந்து இந்த முறையில் வெளியிட்ட முடிவுகளில் செயலும் நிறைவும் இரண்டுமே உயர்ந்திருந்தன. நோயாளிகள் தாமாகத் தேர்ந்தவற்றில் சாப்பாடும் உடையும் இருந்தன, பொதுவான பட்டியல் எதிலும் வராத பொழுதுபோக்குகளும் வீட்டு வேலைகளும் இருந்தன.

இதை ஏற்காதவர்களின் வாதம் தெரிந்ததே. பல மாதங்கள் கட்டோடு கிடந்து, பயிற்சி செய்து, மருத்துவரை நம்பி வந்தவர் நன்றியுணர்வில் கூடுதல் மதிப்பெண் போடுவார். அவருக்குத் தெரியாமல் போலி அறுவை செய்து ஒப்பிடவும் முடியாது. இந்தத் துறையில் குலுக்கல் முறைச் சோதனைகள் விரல்விட்டு எண்ணும் அளவே. ஒவ்வொருவரும் வெவ்வேறு இலக்கைச் சொன்னால் ஒரு மருத்துவமனையை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது? முதல் ஐயத்துக்கு என் பதில், நன்றியுணர்வு இருந்தால் அது எல்லா இலக்குகளையும் ஒருசேரத் தூக்கியிருக்க வேண்டும் என்பது. அப்படி நடக்கிறதா என்று பார்க்க வழி உண்டு: அதே நபரின் பிடிவிசையையும் அவருடைய இலக்கு கேட்கும் விசையையும் அருகில் வைப்பது. 20 நியூட்டன் உள்ளவர் ரிமோட்டில் தேர்ச்சி சொன்னால் நம்பலாம். பிளக் செருகுவதில் தேர்ச்சி சொன்னால் எப்படிச் செய்கிறார் என்று பார்க்க வேண்டும், ஒருவேளை இரண்டு கைகளுக்கிடையில் வைத்து நெஞ்சால் தள்ளுகிறாரோ என்னவோ. அதாவது கேட்ட எண்ணை அளந்த எண்ணே தணிக்கை செய்ய முடியும், மறுதலையாகவும். இரண்டாவது ஐயத்துக்கு இவ்வளவு நல்ல பதில் இல்லை. மருத்துவமனைகளை ஒப்பிடப் பொதுச் சோதனை வேண்டும் என்பது சரியே. ஆனால் பொதுச் சோதனைகள் அவ்வளவு பொதுவானவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரண்டியும் முள்கரண்டியும் யேல் பூட்டும் அமெரிக்க, ஸ்வீடன் வீடுகளின் சாமான்கள். சோற்றைப் பிசைந்து விரல்நுனிகளில் கூட்டி வாய்க்குக் கொண்டுபோக, சாவிப் பிடி அவ்வளவாகப் பயன்படாது; அதற்கு ஐந்து விரலும் சேர வேண்டும். தமிழ்நாட்டில் இந்த அறுவை செய்துகொண்ட ஒருவர் ஜெப்சன் சோதனையில் விதைகளை வேகமாக அள்ளிவிட்டு, வீட்டில் இலைமுன் கரண்டியோடு உட்கார வேண்டியிருந்தால் எந்த எண்ணை நம்புவது?

2004இல் அமெரிக்காவில் கிம் ஆண்டர்சன் தண்டுவடம் அடிபட்ட 681 பேரிடம், எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை அதிகம் மேம்படும் என்று கேட்டார். நான்கு உறுப்புகளும் செயலிழந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், 48.7 சதவீதம், கையின் செயல்தான் முதலில் என்றார்கள். நடையெல்லாம் வெகு பின்னால். நடையை முதன்மையாக நினைக்கும் உலகத்துக்கு அது செய்தியாக இருந்தது. அறுவையாளர்களுக்கு அது பதிலாக இருந்தது: பட்டியல் இனங்களின் எடையை நாம் தீர்மானித்ததே தவறு. அதன்பின் வந்த அளவுகோல்கள் கலவையானவை. டொரண்டோவிலிருந்து சுக்விந்தர் கால்சி-ரயன் முதலானோர் 2012இல் வெளியிட்ட சோதனை வலு, தொடுவுணர்வு, பிடி மூன்றையும் ஒரே அமர்வில் தனித்தனி எண்களாகத் தருகிறது, கூட்டி ஒன்றாக்குவதில்லை. மோபர்க் கிளிப்பை வைத்துக்கொண்டு சொன்னது ஒருவழியாக அச்சேறியது.

இப்போது ஆட்டம் மறுபடி மாறியிருக்கிறது. தசைநாணுக்குப் பதில், காயத்துக்கு மேலேயுள்ள உயிருள்ள நரம்பை வெட்டிக் கீழேயுள்ள உறங்கும் தசையின் நரம்போடு தைக்கும் முறை வந்துவிட்டது. மெல்பர்னின் நடாஷா வான் ஸைல் குழு 2019இல் 16 பேருக்குச் செய்த 59 நரம்பு மாற்றுகளின் இரண்டாண்டு முடிவுகளை வெளியிட்டது. பக்கவாதத்துக்காக 1981இல் லைல் செய்த கைச்சோதனை, கிளீவ்லாந்தின் பிடித்து விடும் சோதனை, தண்டுவடச் சார்பின்மை அட்டவணை மூன்றையும் முதன்மை அளவாக வைத்தார்கள். ஒன்றை மட்டும் நம்பவில்லை. அதில் தெரிந்தது இது: தசைநாண் மாற்று கூடுதல் விசை தருகிறது, கட்டு அவிழ்ந்த சில மாதங்களில் பலன் தெரிகிறது, நரம்பு மாற்று தரும் பிடி அந்த அளவு வலுவில்லை, ஓராண்டு இரண்டாண்டு காத்திருக்கவும் வேண்டும், ஆனால் கை இயல்பாக விரிகிறது. விரியாத கையால் பெரிய டம்ளரைச் சுற்றிப் பிடிக்க முடியாது, எவ்வளவு விசை இருந்தாலும். கை தட்டையாகவும் மென்மையாகவும் கிடக்க வேண்டும், இன்னொருவர் கையைத் தொட அது வேண்டும் என்று மோபர்க்கும் வலியுறுத்தியிருந்தார். பிடிவிசைமானியில் பார்த்தால் தசைநாண் முன்னால் நிற்கிறது. எத்தனை பொருளைச் சுற்றிப் பிடித்தார் என்று எண்ணினால் நரம்பு. ஒரு கைக்குத் தசைநாண், மறு கைக்கு நரம்பு என்று செய்துகொண்டவர்களும் உண்டு. எந்தக் கையால் எதைச் செய்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவது இனி செய்ய வேண்டிய வேலை. அதற்கான தாள் எந்தச் சோதனைப் பெட்டியிலும் இன்னும் வரவில்லை.